செம்பனையும் அதன் கூன்வண்டும்: மலேசியாவில் ஆறு நாள்

முதல் நாள்: பெஸ்தாரி ஜெயா

விமானம் சிப்பாங்கை நோக்கித் தாழ்ந்தபோது முன்னிருக்கைப் பெரியவர் தம் பேரனிடம் "பார், எவ்வளவு பெரிய காடு" என்று காட்டிக்கொண்டிருந்தார். காடு இவ்வளவு ஒழுங்காக முக்கோணக் கணக்கில் முளைக்காது. மரத்துக்கு மரம் ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளி விட்டு நடப்பட்ட எண்ணெய்ப்பனைதான் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெரிந்தது. இந்நாட்டுத் தமிழர் அதைச் செம்பனை என்கிறார்கள். நானும் இந்த ஆறு நாளும் அப்படியே எழுதப்போகிறேன். எண்ணெய்ப்பனை என்ற சொல்லில் மானியச் சுற்றறிக்கையின் வாடை அடிக்கிறது.

அம்மா காலமான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில் கிடைத்த ஒரு வான்கடிதமே இப்பயணத்துக்குக் காரணம். 1982இல் மலேசியாவின் குளுவாங்கிலிருந்து பெரியம்மா எழுதியது. பிள்ளைகளின் படிப்பு, கால்வலி, ஊரில் மழை உண்டா என்ற விசாரிப்பு எல்லாம் முடிந்து, மடிப்பின் ஓரத்தில் இடம் போதாமல் நெருக்கி எழுதிய இரண்டு வரிகள் இருந்தன: "ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு பூச்சி கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். இனிமேல் எங்களுக்குப் பூத்தூள் அடிக்கிற வேலை இல்லையாம்." தஞ்சை மாவட்டத்துப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். பூச்சிவழி மகரந்தச் சேர்க்கை என்ற பாடத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். அந்த வேலைக்கு ஒரு காலத்தில் கூலி இருந்தது என்பதும், அதை வாங்கியவர்களில் என் பெரியம்மாவும் ஒருவர் என்பதும் அந்த மடிப்பைப் பிரித்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. செடியையும் வண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

குளுவாங்குக்குப் போகுமுன் வடக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் சென்று பெஸ்தாரி ஜெயாவைப் பார்த்தேன். பத்தாங் பெர்ஜுந்தை என்றிருந்த ஊர் இது. மலாயாவில் செம்பனை முதன்முதலாக வணிகப் பயிராக நடப்பட்ட தோட்டம் இதன் பக்கத்தில் இருக்கிறது. நட்டவர் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர், ஆண்டு 1917. தோட்டத்தின் பெயர் தென்னமரம். ஆங்கிலப் பதிவேடுகளிலும் அந்தத் தமிழ்ச் சொல்லைத்தான் எழுத்துக் கூட்டி வைத்திருக்கிறார்கள். நாட்டின் முதல் செம்பனைத் தோட்டம் தென்னையின் பெயரைத் தாங்கி நிற்கும் வேடிக்கையை நினைத்துச் சாலையோரத்திலேயே சற்று நேரம் நின்றேன். முன்கூட்டி அனுமதி கேட்காமல் வந்தது என் தவறு, ஆகவே உள்ளே போகவில்லை. போயிருந்தாலும் 1917இன் மரங்கள் இருந்திருக்கப்போவதில்லை; ஏறத்தாழ 25 ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சாய்த்து மறுநடவு செய்துவிடுவார்கள், உயரம் போன மரத்தில் குலை வெட்ட முடியாது என்பதால்.

செம்பனையின் பிறப்பிடம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848இல் நான்கே நான்கு கன்றுகள் ஜாவாத் தீவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. அந்த நான்கின் வித்து சுமத்ராவின் டெலிப் பகுதிக்குப் போயிற்று; ஃபோக்கோனியே அங்கிருந்துதான் விதை கொண்டுவந்தார். கடிதத்தில் பெரியம்மா சொன்ன பூச்சியான கூன்வண்டு 1981இல் வந்தது. இடையில் 133 ஆண்டுகள். அத்தனை காலம் அந்த மரம் இந்த மண்ணில், தன் வீட்டுப் பூச்சி ஒன்றுகூட உடனில்லாமல் பூத்திருக்கிறது.

இரண்டாம் நாள்: குளுவாங் வழியில்

நான்கு மணி நேரப் பேருந்துப் பயணத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. இரு பக்கமும் செம்பனை, நடுவில் நெடுஞ்சாலை, பேருந்துக்குள் மார்கழி மாதக் குளிர்.

வழியில் பெயர்களைப் பற்றி யோசித்துக்கொண்டு வந்தேன். செம்பனைக்கு எலாயிஸ் கினீன்சிஸ் என்று 1763இல் பெயர் வைத்தவர் யாக்கின் என்ற தாவரவியலாளர். ஆப்பிரிக்காவின் கினியைப் பெயரில் சேர்த்த அவர், அம்மரத்தைப் பார்த்து எழுதியது கரீபியக் கடலின் மார்த்தினீக் தீவில். ஆக, பெயர் வைக்கப்பட்ட நாளிலேயே அது வீட்டை விட்டுப் புறப்பட்டுவிட்ட மரம். வண்டின் பெயர் எலாயிடோபியஸ் கமெருனிகஸ். பின்பாதி கமெரூன் நாட்டைக் குறிக்கிறது. முன்பாதிக்கு எலாயிஸில் உயிர்வாழ்வது என்று பொருள். வண்டின் பெயருக்குள் மரம் இருக்கிறது, மரத்தின் பெயருக்குள் வண்டு இல்லை. இருவருக்கும் இடையிலான உறவும் ஏறக்குறைய அப்படித்தான் என்று, புத்தகத்தில் படித்ததை வைத்து, எனக்குத் தோன்றியது. நேரில் பார்த்த பிறகும் அப்படியே தோன்றுகிறதா என்று பார்க்க வேண்டும்.

பேருந்து நிலையத்தில் அக்காவும் அத்தானும் காத்திருந்தார்கள். பெரியம்மாவுக்கு 83 வயது. காது சற்று மந்தம், பேச்சில் குறைவில்லை. "பசியாறினியா தம்பி?" என்றுதான் ஆரம்பித்தார். வண்டைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். டிக்கெட் போட்டுக்கொண்டா, என்பது போன்ற பார்வை.

தஞ்சாவூர்க்காரனுக்குக் கூன்வண்டு என்ற சொல்லே வயிற்றைக் கலக்கும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் அது தென்னையின் தண்டைக் குடைந்து, மரம் சாயும்வரை வெளியே தெரியாமல் தின்கிற சிவப்புக் கூன்வண்டு. அதே பெருங்குடும்பத்தில் பிறந்த ஒன்றை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து தோப்பில் விட்டார்கள் என்றால், கேட்பவன் முதலில் பயப்படத்தான் செய்வான்.

மூன்றாம் நாள்: ஆண் பாளை

அத்தானுக்கு ஊருக்கு வெளியே மூன்று ஏக்கர் செம்பனை இருக்கிறது. எட்டு வயது மரங்கள். குலைகள் நம் தலைக்குச் சற்று மேலே நிற்கின்றன, ஏணி இல்லாமல் கிட்டே போய்ப் பார்க்க முடியும். விடிந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, பனி காய்ந்ததும் போனோம்.

மரத்தைப் பார்க்குமுன்பே மணம் வந்துவிட்டது. சோம்பு மணம். பிரியாணிக்குத் தாளிக்கும் வாணலிக்கு எதிரே நிற்பதுபோல, ஆனால் எண்ணெய்ப் புகை இல்லாமல், தித்திப்பாக. எஸ்ட்ரகோல் என்ற சேர்மம்தான் அது; நம் திருநீற்றுப் பச்சிலையிலும் உண்டு. மணத்தைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது நிரையின் நான்காவது மரத்துக்குப் போனபோது, மட்டைக்கும் தண்டுக்கும் நடுவே ஓர் ஆண் பாளை விரிந்திருந்தது.

செம்பனையின் ஒவ்வொரு மட்டைக் கக்கத்திலும் ஒரு பாளை உண்டு. அது ஆணாகவோ பெண்ணாகவோ இருக்கும். ஒரே மரம் சில மாதங்கள் ஆண் பாளைகளாகவும், பிறகு சில மாதங்கள் பெண் பாளைகளாகவும் மாறி மாறித் தள்ளுவதால், தன் மகரந்தம் தன் பூவுக்கே போய்ச் சேரும் வாய்ப்பு அரிது. எது ஆண், எது பெண் என்பது பூப்பதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே குருத்தின் உள்ளே தீர்மானமாகிவிடுகிறது, வறட்சி கண்ட மரம் ஆணையே அதிகம் தள்ளும். வண்டுக்கு இந்தத் தடுமாற்றம் கிடையாது. முட்டையிலேயே ஆண் ஆணாகவும் பெண் பெண்ணாகவும் இருந்துவிடுகிறது.

ஆண் பாளையில் நூற்றுக்கு மேற்பட்ட கதிர்கள் விரல்களைப் போல நெருங்கி நிற்கின்றன. ஒரு கதிரில் 700 முதல் 1200 பூக்கள் வரை இருக்கும். கதிரின் அடியிலிருந்து நுனி நோக்கி, நாளுக்குக் கொஞ்சமாகப் பூக்கள் விரிகின்றன. அத்தான் வெட்டுக்கத்தியால் ஒரு கதிரை நறுக்கி என் கையில் கொடுத்தார். கீழ்ப்பாதி வெளுத்த மஞ்சளில் பஞ்சு படிந்ததுபோல் இருந்தது, மேற்பாதி இன்னும் மூடிய பழுப்பு. அந்த எல்லைக்கோட்டில்தான் கூட்டம். கடுகை அள்ளிக் கொட்டியது போல வண்டுகள். கடுகு நடந்தால் எப்படியிருக்குமோ அப்படி.

உருப்பெருக்குக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். உடல் மொத்தமும் 3 அல்லது 4 மில்லிமீட்டர் தான். கரும்பழுப்பு நிறம், மெழுகு பூசியது போன்ற மினுக்கம், கீழ்நோக்கி வளைந்த மூக்கு. சிலவற்றின் மேலிறக்கையில், தோள் இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு சிறு புடைப்புகள் இருந்தன. அவை ஆண்கள், உருவத்திலும் சற்றுப் பெரியவை. உடலின் மயிர்களில் மகரந்தத் தூள் ஒட்டி, மாவு மில்லில் வேலை செய்கிறவரின் முழங்கையை நினைவுபடுத்தியது. ஒரு பெண் வண்டு பூவின் தாளை மூக்கால் கொறித்துக் குழி பறித்துக்கொண்டிருந்தது. அந்தக் குழியில் ஒரு முட்டையை வைத்து மூடிவிட்டு அடுத்த பூவுக்குப் போகும். முட்டையிலிருந்து வரும் புழு, தன் வேலையை முடித்து வாடிப்போன ஆண் பூக்களை ஒவ்வொன்றாகத் தின்று, அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, இரண்டு மூன்று வாரத்தில் பூவின் தலையில் துளையிட்டு வண்டாக வெளியே வரும்.

ஊர்ப் பயம் இங்கேதான் தெளிந்தது. எங்கள் சிவப்புக் கூன்வண்டு உயிருள்ள தண்டைத் தின்கிறது. இதன் புழு தின்பதோ மரத்துக்கு இனித் தேவைப்படாத குப்பை. மகரந்தம் கொட்டி முடிந்த ஆண் பூவை வைத்துக்கொண்டு மரம் என்ன செய்யும்? அதைத் தொட்டிலாகவும் தீனியாகவும் விட்டுக்கொடுத்துவிட்டது.

வாடிக் கறுத்த வேறொரு பாளையிலிருந்து நான்கு கதிர்களை வெட்டி, மூடியில் துளையிட்ட ஊறுகாய்ப் போத்தலில் போட்டுக்கொண்டேன். அந்த அவசரத்தில் மட்டையின் முள் ஒன்று கட்டைவிரல் நகக்கண்ணில் ஏறி முறிந்துவிட்டது. அக்கா ஊசியைச் சுட்டு எடுத்துவிட்டார். இன்றைய பதிவு இடக்கை ஆட்காட்டி விரலால் தட்டப்பட்டது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்க.

நான்காம் நாள்: பெண் பாளை

நேற்று மாலை அத்தான் ஒரு பெண் பாளையைக் காட்டி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். காலையில் மழை. பதினொரு மணிக்கு விட்டது. போய்ப் பார்த்தபோது அதன் பூக்கள் செந்நீலம் பாய்ந்து கிடந்தன. முடிந்துவிட்டது. பெண் பூ மகரந்தத்தை ஏற்கும் நிலையில் நிற்பது இரண்டு மூன்று நாள்தான். வெண்மையாகத் திறந்து, மஞ்சளித்து, பிறகு இந்தச் செந்நீலத்துக்கு வந்துவிட்டால் அந்தப் பூவுக்கு இனி எந்த வண்டும் பயனில்லை. ஆண் பாளையில் கிடைத்த அவகாசத்தை நினைத்துக்கொண்டு பெண் பாளைக்கு வந்தால் இப்படித்தான் ஏமாற நேரும்.

மூன்று ஏக்கரையும் நிரை நிரையாகச் சுற்றினோம். உதிர்ந்த மட்டைகளை அடுக்கி வைத்திருக்கும் வரிசைகளில் பாம்பு இருக்கும் என்று அத்தான் முன்னால் கழியால் தட்டிக்கொண்டே போனார். பிற்பகலில், வேலியோர மரம் ஒன்றில், நான் தேடியது இருந்தது.

பெண் பாளை பார்ப்பதற்கு அழகானதல்ல. நாரும் முள்ளுமான உறை கிழிந்து, உள்ளே ஒரு பலாப்பிஞ்சு அளவுக்குத் திரண்ட கொத்து; ஒவ்வொரு கதிரின் நுனியிலும் ஒரு முள், ஒவ்வொரு பூவின் கீழும் ஒரு முள். முட்களின் நடுவே மூன்று மடலாகப் பிளந்த சூல்முடிகள் வெண்ணெய் நிறத்தில் ஈரமாக மினுங்கின. இங்கும் சோம்பு மணம்தான், ஆனால் மெலிது. நின்று முகர்ந்தபோது இருந்தது, சற்று நேரத்தில் இல்லை, மறுபடி வந்தது. காற்றின் போக்கு என்று முதலில் நினைத்தேன். பெண் பாளை மணத்தை இடைவிட்டு இடைவிட்டுத்தான் வெளிவிடுகிறது என்று படித்திருந்தது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மணம் வந்த ஒரு பொழுதில் வண்டுகளும் வந்தன. நேற்றைய கூட்டம் இல்லை; பத்து, பதினைந்து, பிறகு ஒரு முப்பது இருக்கலாம். ஒவ்வொன்றும் இறங்கியதும் மூக்கைத் தாழ்த்திச் சூல்முடிகளின் மேல் அங்குமிங்கும் ஓடி, பிளவுகளுக்குள் தலைகீழாக நுழைந்து, ஒன்றும் கிடைக்காமல் வெளியே வந்து, உடம்பைத் துடைத்துக்கொண்டு பறந்துவிட்டது. இங்கே கொறிக்கத் தாள் இல்லை, முட்டை வைக்க இடம் இல்லை. ஆண் வீட்டுச் சமையல் மணத்தைப் பெண் வீட்டிலும் எழுப்பி, வந்தவரை வெறும் கையோடு திருப்பி அனுப்புகிறது மரம். வந்தவர் விட்டுப்போன தூள் போதும் அதற்கு.

தாவரவியல் பாடத்தில் இதைக் கூட்டுறவு என்று எழுதிப்போடுவோம், இருவருக்கும் நன்மை என்று மதிப்பெண்ணும் கொடுப்போம். கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் நன்மைதான். ஆனால் கொடுப்பது ஓரிடம், பெறுவது வேறிடம் என்பதை நான் ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆண் பாளையில் வண்டுக்கு வீடும் சோறும் இருக்கிறது, பெண் பாளையில் மரத்துக்கு மட்டுமே ஆதாயம். பெண் பாளையும் விருந்து வைத்தால் வண்டுக் குஞ்சுகள் பிஞ்சையே தின்றுவிடும். ஆகவே மரத்தின் கஞ்சத்தனத்தைக் குறை சொல்லவும் முடியவில்லை.

ஐந்தாம் நாள்: பெரியம்மாவின் வேலை

இன்று எங்கும் போகவில்லை. பெரியம்மா ஐந்தடியில் ஐந்து முழம் பேசக்கூடியவர், அவரைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் 1960இல் வந்தபோது தோட்டத்தில் பால்மரம்தான், அதாவது ரப்பர். பிறகு ஒவ்வொரு காடாகப் பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். புதிதாகக் காய்ப்புக்கு வந்த செம்பனையில் ஒரு சங்கடம் உண்டு: இளமரம் பெண் பாளையாகவே தள்ளும், ஆண் பாளை குறைவு, ஆகவே காற்றில் தூளே இருக்காது. தூள் சேராத குலை பாதி அழுகிவிடும். அதனால் பெண்களுக்கு ஒரு புது வேலை வந்தது.

எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டேன். முதிர்ந்த மரங்களின் ஆண் பாளைக்குப் பையைக் கட்டி, வெட்டிக் கொண்டுவந்து உலர்த்தி, தட்டிச் சலித்துத் தூளை எடுத்து, முகப்பவுடர் மாவுடன் கலந்து கொடுப்பார்கள். அந்தக் கலவையைப் பிதுக்குகிற போத்தலில் அடைத்துக்கொண்டு நிரை நிரையாகப் போய், திறந்த பெண் பாளையைத் தேடி, மட்டைகளை விலக்கி, உறையைப் பிரித்து, உள்ளே ஊத வேண்டும். இரண்டு மூன்று நாளில் மறுபடி அதே நிரைக்கு வர வேண்டும், விட்டால் பூ முடிந்துவிடும் என்பதால்.

"வெள்ளையா இருந்தா அடிக்கணும், செவப்பா போயிருந்தா விட்டுடணும். மண்டோர் பின்னாலயே வந்து பாப்பாரு. செவத்த பூவுக்கு அடிச்சா தூள் வேஸ்ட்டுன்னு ஏசுவாரு." சொல்லிவிட்டுக் கையை நீட்டிக் காட்டினார். மேசைமேல் இருந்த மிளகாய்ச் சாறு போத்தலை எடுத்து, கட்டைவிரலால் இரண்டு முறை, அழுத்தாமல் தொடுவதுபோல் பிதுக்கினார். "இவ்வளவுதான். மூணாவது தடவை கெடையாது." நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் விரல் அந்தக் கணக்கை மறக்கவில்லை. முழங்கைவரை ஏறியிறங்கும் வெள்ளைத் தழும்புகளைக் காட்டி, "முள்ளு" என்றார். முந்தாநாள் ஒரே முள்ளுக்கு ஊசி சுட்டுக்கொண்ட நான் கட்டைவிரலை மடக்கிக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் செம்பனை காற்றால் மகரந்தச் சேர்க்கை அடையும் மரம் என்றே பெரும்பாலோர் எழுதி வைத்திருந்தார்கள். தீபகற்பத்தில் ஒருவகை இலைப்பேன் ஓரளவு அந்த வேலையைச் செய்துவந்தது; போர்னியோத் தீவிலுள்ள சபா மாநிலத்தில் நிலை இன்னும் மோசம், கையால் அடித்தால்தான் குலை என்ற அளவுக்கு. யூனிலீவர் நிறுவனத்தின் தோட்டப் பிரிவில் இருந்த லெஸ்லி டேவிட்சன் கமெரூனில் வேலை பார்த்தவர். அங்கே யாரும் கையால் அடிப்பதில்லை, ஆனால் பூக்களில் வண்டுகள் மொய்க்கின்றன என்பதைக் கண்டிருந்தவர். சபாவின் வெறும் குலைகளைப் பார்த்தபோது அந்த நினைவை அவர் விடவில்லை. ரஹ்மான் சையத் என்ற பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் 1977இல் கமெரூனுக்கு அனுப்பப்பட்டார். அவர் கண்டது தெளிவாக இருந்தது: மகரந்தத்தைச் சுமப்பது பூச்சிகளே, அவற்றில் இந்த ஒரு வண்டு மழையிலும் வெயிலிலும் வேலை செய்கிறது. இதைக் கொண்டுபோனால் வேறு பயிரைத் தின்னுமா என்ற கேள்விக்கும் அவரே சோதித்து விடை சொன்னார். செம்பனையின் ஆண் பூ இல்லாமல் அதனால் இனம் பெருக்க முடியவில்லை. நோய் இல்லாத வண்டுகளைப் பிரித்தெடுத்து வளர்த்து, 1981 தொடக்கத்தில் இந்தக் குளுவாங் வட்டாரத்துத் தோட்டங்களிலும், பிறகு சபாவிலும் விட்டார்கள். ஓராண்டுக்குள் தீபகற்பம் முழுவதும் பரவிவிட்டது. பெரியம்மாவின் கடிதம் 1982ஆம் ஆண்டு என்பதை இப்போது சரியாக வைத்துப் பார்க்க முடிகிறது.

வண்டு வந்த அன்று உங்களிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம். ஒரு காலை பெரட்டில் பெயர் கூப்பிடும்போது, பூத்தூள் கூட்டத்துப் பெண்களை உரம் போடவும் உதிரிப்பழம் பொறுக்கவும் பிரித்துவிட்டார்கள். "போத்தல் எல்லாம் ஸ்டோர்ல திருப்பிக் குடுக்கச் சொன்னாங்க. நான் ஒண்ணு குடுக்கல. இங்கதான் எங்கயோ இருந்துச்சு." அக்கா தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. உதிரிப்பழம் பொறுக்குவதில் கூலி குறைந்ததா என்ற கேள்விக்குப் பெரியம்மா, கூலி அதேதான், குனிஞ்சே நிக்கணும் என்றார்.

வண்டால் தோட்ட நிறுவனங்களுக்குக் கிடைத்த லாபத்தைப் பற்றி ஆய்வேடுகள் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. அவற்றில் கைவழி மகரந்தச் சேர்க்கைச் செலவு மிச்சம் என்று ஒரு வரி வரும். அந்த வரி என் பெரியம்மா.

ஆறாம் நாள்: குலையும் போத்தலும்

அத்தான் இன்று அறுவடை வைத்திருந்தார். வெட்டி விழுந்த குலை ஒன்றைத் தூக்கிப் பார்க்க முயன்று, பாதியில் இறக்கி வைத்தேன். இருபது கிலோவுக்குக் குறையாது. கோடரியால் இரண்டாகப் பிளந்து காட்டச் சொன்னேன். வெளிப்பழம் கருஞ்சிவப்பு, உள்ளே போகப் போக வெளிர் ஆரஞ்சு. நடுத்தண்டை ஒட்டிய இடம்வரை பழம் நிறைந்திருந்தது. பெரியம்மாவின் போத்தலால் ஊதிய தூளோ, காற்றில் வந்த தூளோ எட்ட முடியாத இடம் அது; முட்களுக்கு நடுவே தலைகீழாக நுழைந்து ஓடும் 4 மில்லிமீட்டர் உடம்புக்குத்தான் அது எட்டும். பழைய குலைகளில் உட்பகுதி வெறும் நாராகத்தான் இருக்கும் என்று பெரியம்மாவும் சொல்லியிருந்தார். வண்டு வந்த பிறகு பழம் கூடியதோடு பருப்பும் கூடியது. பருப்பு உடைக்கும் எந்திரங்கள் போதாமல் ஆலைகள் திணறியதும் நடந்தது.

இருவரையும் சேர்த்துவைத்த கதையில் மூன்றாவதாக ஓர் எலியும் நுழைந்துவிட்டது. தோப்பின் மூலையில் வாடிய ஆண் பாளை ஒன்று, யாரோ சீப்பால் வாரி எறிந்ததுபோல் கிழிந்து கிடந்தது. பூவுக்குள் இருக்கும் வண்டுப் புழுக்களுக்காக எலி கிழிக்கிறது. முன்பு பழம் தின்றே பெருகிய எலிக்கு இது கூடுதல் புரதம். எலிக்கு எதிராகக் கூகையைக் குடிவைக்க, அத்தான் கம்பத்தின் மேல் ஒரு மரப்பெட்டி கட்டியிருக்கிறார். இரண்டு ஆண்டாகக் காலியாகவே இருக்கிறதாம்.

1985இல் இதே வண்டு இந்தியாவுக்கும் வந்து கேரளத்துச் செம்பனைகளில் விடப்பட்டது. எங்கள் டெல்டாவில் மானியத்தில் செம்பனை நட்ட உழவர்கள் பலரை எனக்குத் தெரியும். தண்ணீர் அதிகம் கேட்கிறது என்று பாதிப் பேர் வெட்டிவிட்டார்கள். அவர்களில் ஒருவர்கூட இந்த வண்டைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. நின்று பார்க்க அவர்களுக்கு நேரமில்லை, எனக்குத் தெரியவில்லை.

மாலையில் பெட்டி கட்டும்போது ஊறுகாய்ப் போத்தலின் நினைவு வந்தது. கதிர்களை எடுத்துக்கொண்டு விமானம் ஏற முடியாது. சன்னலோரம் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், கறுத்த பூக்களின் தலையில் குண்டூசி குத்தியது போன்ற துளைகள், கண்ணாடியின் உட்பக்கத்தில் வண்டுகள். மூன்று நாளைக்குள் பதினேழு வெளியே வந்திருந்தன. மரத்துக்கு நான்கு வயதாவதற்குள் இந்த வண்டின் பரம்பரையில் எத்தனை தலைமுறை கடந்திருக்கும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, பெரியம்மா போத்தலைக் கேட்டார்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, போத்தலை மூக்குக்கு அருகில் கொண்டுபோய், திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை ஆண்டில் அவர் அதைக் கிட்டத்தில் பார்த்தது இல்லையாம்; வண்டு வந்த பிறகு பாளைப் பக்கம் போகிற வேலையே அவருக்கு இல்லையே. மூடியைத் திறந்து ஒன்றை உள்ளங்கையில் தட்டினார். அது மணிக்கட்டு நோக்கி நடந்து, முள் தழும்பு ஒன்றின் மேட்டில் ஏறி இறங்கி, நின்று, இறக்கையை விரித்தது.

"இது ஒரு நாளைக்கு எத்தனை மரம் போகும்?" என்றார்.

தெரியவில்லை என்றேன். அத்தான் மீதிப் பதினாறையும் போத்தலோடு எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் தோப்புக்குப் போனார்.